கழட்டு அண்ணாச்சி ஆயில் மாற்றிய கதை

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட யாரும் இவ்வளவு அலைந்ததில்லை. காருக்கு ஆயில் மாற்ற இடம் பார்த்தே ஒரு மாசத்தை ஓட்டிய மனிதர், எனக்குத் தெரிந்து கழட்டு அண்ணாச்சி ஒருவர்தான். கூடவே அலைந்தவன் நான். நினைத்தாலே இப்போதும் இடுப்பு வலிக்கிறது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேன், நான் ஆபீஸ் கிளார்க். செல்போன் ஒவ்வொரு சட்டைப் பைக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்த காலம். கேட்டில் யாரைப் பார்த்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "கழட்டு." செருப்பைக் கழட்ட வேண்டும், நைலான் சட்டையைக் கழட்ட வேண்டும். தீப்பெட்டி, செல்போன், இரும்புச் சாமான் எதுவும் வெடிமருந்து ரூம் பக்கம் போகக் கூடாது. முதலாளிக்கும் அதே சட்டம்தான்.

அதோடு நின்றிருக்கலாம். முதலாளியின் பழைய அம்பாசிடரை இவர் வாங்கினார். கம்பெனிச் சட்டம் அப்படியே காருக்கும் வந்துவிட்டது.

அப்போது என் மனைவி நிறைமாசம். நாங்கள் குடியிருந்தது ஆமத்தூரில். வலி எடுத்தால் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போக அண்ணாச்சி கார்தான் என்று பேச்சு.

"பஸ்செல்லாம் வேண்டாம் தம்பி. தங்கச்சிய நான் கொண்டுபோய் விடுறேன். ஆனா அதுக்கு முன்ன ஆயிலு மாத்திரணும். கரியாக் கெடக்கு" என்றார்.

ஆயில் மாறினால்தான் கார், கார் கிளம்பினால்தான் ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளம்பினோம்.

சாத்தூர் மெக்கானிக் வாயில் பீடி இருந்தது. அண்ணாச்சி காரை விட்டு இறங்கவே இல்லை. விருதுநகரில் ஒருவர் ஸ்பேனரைச் சிமெண்டுத் தரையில் தவறவிட்டார். அண்ணாச்சி ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"இரும்பு விளுந்தா பொறி பறக்கும். இவன் கைய நம்பி எப்பிடி விட?"

"அண்ணாச்சி, இது ஆயிலு. வெடிமருந்து இல்ல."

"இன்னைக்கு ஆயிலும்ப. நாளைக்கு?"

நாளைக்கும் ஆயில்தானே என்று முனகிக்கொண்டே காரில் ஏறினேன். சிவகாசியில் நைலான் சட்டை போட்டிருந்த மெக்கானிக்கிடம் "கழட்டு" என்றார். அந்த ஆள் எங்களை விரட்டிவிட்டார்.

கடைசியில், ஆமத்தூர் தாண்டி சிவகாசி ரோட்டில் ஒரு மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாவம், அன்றைக்கு அவருக்கு வேறு வண்டி வரவில்லை. வெறுங்காலோடு, அண்ணாச்சி கொண்டுவந்த பித்தளை ஸ்பேனரோடு மல்லுக்கட்டிப் பழைய ஆயிலை இறக்கினார். என் செல்போன் எதிர்த்த டீக்கடைக்குப் போனது.

அடுத்து அண்ணாச்சி ஒரு வெள்ளைத் துணியை விரித்து, புது ஆயிலை அதில் வடிகட்ட ஆரம்பித்தார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. "மருந்தச் சலிக்காமக் கலப்பமா?" என்று என்னையே கேட்டார். மெக்கானிக்கும் நானும் ஆளுக்கொரு டயரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டோம்.

அப்போதுதான் டீக்கடைக்காரர் என் போனோடு ஓடி வந்தார். "ஓயாம அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, எடுத்துக் கேட்டேன். ஒங்க வீட்டுல வலி எடுத்திருச்சாம். வெரசாப் போங்க."

கார் சொட்டு ஆயில் இல்லாமல் நிற்கிறது. துணியில் பாதி ஆயில்கூட இறங்கவில்லை.

அண்ணாச்சி துணியை உருவி எறிந்தார். மெக்கானிக்கின் பெட்டியிலிருந்து இரும்பு ஸ்பேனரை எடுத்து அவரே நீட்டினார். "நட்ட முடுக்கிட்டு அப்பிடியே ஊத்துலே."

"சலிக்காமயா அண்ணாச்சி?" என்றார் மெக்கானிக்.

"ஊத்துங்கேன்."

அன்றைக்கு அவர் ஓட்டிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வீட்டில் மனைவியை ஏற்றிக்கொண்டு விருதுநகர் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்கப்புறம் காரில் எங்கே சத்தம் வந்தாலும், ஹாரன் அடிக்காவிட்டால்கூட, என்னைக் கூப்பிடுவார். "கேட்டியா? அன்னைக்குச் சலிக்காம ஊத்துனதுதான்." வருஷக்கணக்கில் இதே பாட்டு. எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒருநாள் என் மகள் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "மாமா, ஏன் கார் இப்பிடிக் கத்துது?"

"அதுக்கு வயசாயிருச்சு தாயி" என்றார்.

அவள் இறங்கி ஓடியதும் என் கையைப் பிடித்தார். "அன்னைக்கு நடந்தத மட்டும் பிள்ளைகிட்டச் சொல்லிராத தம்பி. தன்னாலதான் கார் கெட்டுச்சுன்னு வருத்தப்படும்."

அந்த மனுஷனோடு இன்னும் எத்தனை ஒர்க்‌ஷாப் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.