தோப்பு மேடமும் அறுநூறு தென்னையும்

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டருக்குப் பயப்படாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை வாங்கி வைத்த முதலாளிக்கும் பயப்படாத ஒரே பிறவி எங்கள் தோப்பு மேடம்தான்.

சிங்காநல்லூரில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் நானும் அவரும் வாத்தியார்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தை இழுக்க ஒரு கேம் எழுதச் சொன்னார் முதலாளி. மேடத்துக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர்; யானை வருவது அங்கே வாடிக்கை. தோப்புக்குள் யானை புகும், ஆடுகிறவர் விரட்ட வேண்டும் என்று எழுதினார். அறுநூறு தென்னை நட்டார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

ஓட்டிப் பார்த்தால், திரையில் யானை ஓர் அடி வைத்துவிட்டு நின்றது. நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தபோது அடுத்த காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. மரங்களை இருபதாகக் குறைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

“இருபது மரம் இருந்தா அது தோப்பில்லீங்க. மெசினு மேல தப்பில்ல, மரத்தத் தேடற விதந்தான் தப்பு” என்றார் மேடம்.

அதென்ன தப்பு என்று முதலாளி கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே வந்து காட்டுவதாகப் பதில்.

துணைக்கு நானும் போய்த் தொலைத்தேன். மேடம் தெருமுனை வீட்டுக் கதவைத் தட்டி, இது முதலாளி வீடா என்று கேட்டார். இல்லை என்றதும் இரண்டாவது வீடு. பிறகு மூன்றாவது. நான் யாரோ எவரோ என்பதுபோல் பத்தடி தள்ளி நடந்தேன். நாற்பத்தோராவதாக முதலாளி வீட்டை அடைந்தபோது பாதித் தெரு பின்னால் வந்திருந்தது, ஒருவர் முகத்தில் சவர நுரையோடு.

“ஏனம்மணி, ஊட்டு நம்பர் உனக்குத் தெரியாதா?” என்றார் முதலாளி.

“தெரியுமுங்க. யானைக்குத்தான் தெரியல. அடிக்கு அடி மொத மரத்துல இருந்து, எதுக்க நிக்கறது நீயான்னு ஒண்ணொண்ணாக் கேட்டுட்டு வருதுங்க. எடத்துக்கு எடம் நம்பர் போட்டு, மரத்த அந்த நம்பர்லயே வெச்சுப்போட்டா நேராப் போயிருமுங்க.”

திங்கட்கிழமை அப்படியே மாற்றி எழுதினார். முதலாளியின் விரல் கீபோர்டைத் தொடுவதற்குள் யானை தோப்பு முழுவதையும் தின்று முடித்திருந்தது. கொஞ்சம் மெதுவாக விடலாமா என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

“அது ஒரு வரி வேலைங்க. மரம் மட்டும் ஒண்ணுகூடக் கொறையாதுங்க.”

அந்தக் கோடையில் மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள். மறு வருடம் மேடம் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் தங்கமானவர்; முதலாளி எதைச் சொன்னாலும் “செரிங்க” என்பார். எனக்குத்தான் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை.