மூன்றாவது வரியில் ஒரு டொய்ங்

மூன்றாவது வரியில் மறுபடியும் அந்த ‘டொய்ங்’ கேட்டது.

மேனேஜர் டிஜிட்டல் பியானோவின் பதிவுப் பொத்தானை அணைத்துவிட்டு, திருட்டுப் போன வீட்டுக்குள் நுழைந்த போலீஸ்காரரைப்போல ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

“யாரது?”

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவர் இருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் இருமினால், “வெந்நீர் குடிங்க” என்று அடுத்த அறையிலிருந்து குரல் மட்டும் வரும். ஆனால் இன்றைக்கு விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. பியானோ வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசை பால்கனியில் வெயில் காய்கிறது. குடும்பமே ரயிலில் போகிறவர்களைப்போலத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறது. பொறுத்துப் பார்த்த மனைவி, பியானோவை விற்பதாக விளம்பரம் கொடுத்துவிட்டாள். வாங்குகிறவர் மாலை ஆறு மணிக்கு வருகிறார்.

“அதுக்குள்ள ஒரே ஒரு பாட்டு, பிசிறில்லாம பதிவு பண்ணிக் காட்டுங்க. பியானோ இருக்கட்டும். இல்லேன்னா மேசை உள்ளே வரும்” என்று நேற்றே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மேனேஜர் விசாரணையைத் தொடங்கினார். முதல் சந்தேகம் மச்சான்மேல்.

“டேய், உள்ளே கயிறு தாண்டினியா?”

“மாமா, நான் இன்னும் எழுந்திரிக்கவே இல்லை.”

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ‘ரெண்டு நாள்’ தங்கிப் போகிறேன் என்று வந்தவன் அவன். தேர்வு வைத்த கம்பெனியே மூடிப் போய்விட்டது, இவன் போகவில்லை. மேனேஜர் மனதுக்குள் அவனுக்கு வைத்த பெயரே ‘ரெண்டு நாள்’.

“அப்ப கட்டில்தான் சத்தம் போட்டிருக்கு. அசையாம படு.”

“உங்களுக்காக அதைக்கூடச் செய்ய மாட்டேனா மாமா?” என்று ரெண்டு நாள் போர்வையை இழுத்துக்கொண்டான்.

மறுபடி வாசித்தார். முதல் வரி தேன். இரண்டாவது வரி பால். மூன்றாவது வரியில் சுரக் குறிகள் எறும்புக் கூட்டம்போல நெருங்கிக் கிடக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டால் கலைஞன் களை போய்விடும் என்பது அவர் கொள்கை. எனவே காகிதத்தை நோக்கி எட்டிக் குனிந்தார்.

டொய்ங்.

அடுத்த சந்தேகம் மாமியார். அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்து போனில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார்.

“அத்தை, கொஞ்சம் போனை வைங்களேன். எல்லாம் உள்ளே பதிவாகுது.”

“அது எப்படி மாப்பிள்ளை, அந்த...” என்று மாமியார் ஆரம்பித்ததும், சமையலறையிலிருந்து மனைவி பாய்ந்து வந்தாள்.

“அம்மா! உஷ்! பதிவாகிடும்!”

மாமியார் மகளைப் பார்த்தார். பியானோவைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் பகல் நேரத்தில் மூடியிருப்பதை மேனேஜர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

“என்னங்க, என் பாத்திரம் இடிச்ச சத்தமாக்கூட இருக்கலாம். நான் இன்னிக்குச் சமைக்கலை. உங்க பாட்டுதான் முக்கியம்” என்றாள் மனைவி.

மேனேஜர் அவள் கையையே பார்த்தார். விளம்பரம் கொடுத்த கையா இது!

“அக்கா, அப்ப சாப்பாடு?” என்றது போர்வை.

“உஷ்! பதிவாகிடும்!”

சமையல் நின்றது. டொய்ங் நிற்கவில்லை.

வெளியில் திருத்த முடியாததை உள்ளே திருத்துவது என்று மேனேஜர் முடிவு செய்தார். பியானோவில் தீப்பெட்டி அளவு திரை ஒன்று இருந்தது. அதில் எடிட்டைத் தட்டி, டொய்ங் இருந்த இடத்தை வெட்டினார். அது போகும்போது அக்கம்பக்கத்துச் சுரங்களையும் கூட்டிக்கொண்டு போனது. பாட்டு, ஒரு படி இல்லாத மாடிப்படியில் இறங்குகிறவன்போலத் தடுக்கி விழுந்தது. பள்ளத்தை நிரப்ப, பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து இரண்டு தடவை ஒட்டினார். போட்டுக் கேட்டார்.

டொய்ங். டொய்ங்.

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இங்கே பூதம் ஜோடியாகப் புறப்பட்டது.

“ஃபேனா இருக்குமோ?” என்று மனைவி ரகசியக் குரலில் கேட்டாள். ஃபேன் நின்றது. அவளே போய் டிவி பிளக்கைப் பிடுங்கினாள். ஃப்ரிட்ஜ் உறுமுவதாகத் தோன்றியது, அதையும் அணைத்தார்கள். மேனேஜர் நாற்காலிமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். செல்போன்கள் எல்லாம் அணைந்தன.

“நான் நடந்தா செருப்புச் சத்தம் கேக்கும். உள்ளே போய் ஆடாம அசையாம படுத்துக்கறேன்” என்று மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். எவ்வளவு பெரிய தியாகம்!

வீடு பாழுங்கிணறுபோல அமைதியானது. மேனேஜருக்கு வியர்த்தது, விரல் வழுக்கியது, பசித்தது. பிஸ்கட் கடித்தால் சத்தம் வரும். சத்தம் போடாத ஒரே உணவு வாழைப்பழம். சீப்பில் இருந்த ஆறையும் உரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வாசித்தார்.

டொய்ய்ய்ங்.

இப்போது அது நன்றாகச் சாப்பிட்டுப் பெருத்த டொய்ங்காக இருந்தது.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்...” என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு பழமொழி கிளம்பியது.

“உஷ்!” என்று சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது.

எத்தனை தடவை வாசித்தார் என்று அவருக்கே தெரியாது. மணியும் தெரியாது, கடிகாரம்தான் நின்றுவிட்டதே. கடைசியில் ஒரு தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு, பார்க்காமலே மூன்றாவது வரியைக் கடந்தார். டொய்ங் இல்லை! நான்காவது வரி. ஐந்தாவது. இன்னும் நாலே நாலு சுரம்.

டிங் டாங்.

வெண்ணெய் திரண்டு வரும்போது வாசல் மணி அடித்தது. மேனேஜர் வாசித்து முடித்து, பொத்தானை அணைத்து, கதவைத் திறந்து, “கெடுத்துட்டீங்களேய்யா!” என்று அலறினார்.

வந்தவர் ஒரு பாட்டு வாத்தியார். பியானோ வாங்க வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டார். பாட்டு சுத்தமாக ஓடி முடிந்தது. மணிச் சத்தம் எங்குமே இல்லை.

“பெல் எங்கே போச்சு?”

“சார், இதுல மைக்கே கிடையாது. நீங்க எந்தக் கட்டையை அமுக்கறீங்களோ, அது மட்டும்தான் பதிவாகும். பக்கத்துல இடி விழுந்தாலும் அதுக்குத் தெரியாது.”

“அப்ப டொய்ங்?”

“எங்கே, காகிதத்தைப் பாத்து வாசிங்க.”

மேனேஜர் வாசித்தார். மூன்றாவது வரியில் எட்டிக் குனிந்தார். டொய்ங்.

“அப்படியே இருங்க. இப்ப கீழே பாருங்க.”

பார்த்தார். ஆறு வாழைப்பழங்கள் குடியிருந்த வயிறு, மூன்று கட்டைகளின்மேல் நிம்மதியாகச் சாய்ந்திருந்தது.

மேனேஜர் வயிற்றை எக்கிக்கொண்டு நிமிர்ந்தார். பட்டினி கிடந்த மச்சான், பேச்சில்லாமல் வாடிய மாமியார், தண்ணீர் விட்டு நின்ற ஃப்ரிட்ஜ் எல்லாம் மேனேஜரின் கண்முன் வந்தன.

“எடுத்துட்டுப் போயிடுங்க சார்” என்றார் கம்மிய குரலில்.

அறைக் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணை மடிப்போடு, பத்து வயது குறைந்தவள்போல மனைவி வந்தாள்.

“யாரு விக்கறா? பியானோ இங்கேயேதான் இருக்கும்! நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பதிவு பண்ணுங்க. நாங்க யாரும் மூச்சுகூட விட மாட்டோம்.”

“அப்ப நான் எதுக்கு வந்தேன்?” என்று பாட்டு வாத்தியார் கேட்டார்.

மேனேஜர் நெகிழ்ந்துபோய் மனைவியின் கையைப் பிடித்தார். “நீ இனிமே வாயை மூடிட்டு இருக்க வேண்டியதே இல்லை. தாராளமா சமைக்கலாம், பேசலாம். இதுல மைக்கே கிடையாதாம்! பாவம், உனக்கு எப்படித் தெரியும்?”

“அப்படியா?” என்றாள் மனைவி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சோபாவிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

“அப்பாடா, மாப்பிள்ளையே சொல்லிட்டாரு, இனிமே நான் பேசலாமில்ல?” என்றார் மாமியார். “மாப்பிள்ளை, அதுக்குக் காது கிடையாதுன்னு இவ காலையிலேயே எங்கிட்ட சொல்லிட்டா. ‘ஒரு நாளாவது இந்த வீடு வாயை மூடட்டும், நீ காட்டிக் குடுத்துடாதே’ன்னா!”