எளாவூர் சம்பந்திக்கு, நான் சாமியார் ஆகவில்லை என்பது பற்றி

மகாகனம் பொருந்திய தருமன் அவர்களுக்கு,

பொன்னேரியிலிருந்து சிவசங்கர் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மாலதியும் மகள் ஹேமாவதியும் நலம். அங்கு தாங்களும், வீட்டம்மா சாந்தி அவர்களும், மாப்பிள்ளை பரத்தும், நட்ட நாற்றும் நலமென நம்புகிறேன். முதலில் சம்பந்தி என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தரகர் பெரியசாமி வந்து போனபின் அப்படி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. "பொண்ணோட நைனா சாமியாராப் பூட்டா நாளைக்கு வளைகாப்பு, சீரெல்லாம் யாரு செய்றது, நிச்சயதார்த்தத்தத் தள்ளி வைங்கன்னு சொல்லிட்டாரு" என்றார். தங்கள் கவலை நியாயமானது. வாட்ஸப்பில் வந்த வீடியோவில் கழுத்தில் மாலையோடு நிற்பது நான்தான். என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதும் உண்மைதான். மற்றபடி நான் சாமியார் ஆகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓட்டல் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து பிழைக்கிறவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் பயிற்சி நிலையத்துக்குப் புதிதாக வந்த முதல்வர் விமல், இனிப் பாடமெல்லாம் ஆன்லைன், முதலில் ஆசிரியர்கள் படித்துப் பாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு விருந்தினர் வந்து புலம்புவார், நாலு பதிலில் சரியானதைத் தொட வேண்டும். அறையில் ஏசி ஓடவில்லை என்று ஒரு பெண் அழுதாள். 'ஜன்னலைத் திறந்துவிடுங்கள்' என்பதைத் தொட்டேன். முட்டை மார்க். புலம்புகிறவர் கண்ணைப் பார்க்க வேண்டுமாம், அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டுமாம், இல்லை என்ற வார்த்தை வாயில் வரவே கூடாதாம், கடைசியில் 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, இது உடனே கவனிக்கப்படும்' என்று சொல்ல வேண்டுமாம். இதைப் பாஸ் செய்வதற்குள் ஆடி மாதம் பாதி ஓடிவிட்டது. கம்ப்யூட்டருக்கு என் முகம் தெரியப்போவதில்லை என்று சவரமும் செய்யவில்லை. தூக்கத்திலும் அதையே உளறுகிறேன் என்று மாலதி குறைபட்டுக்கொண்டாள்.

பாஸ் செய்த கையோடு அடுத்த உத்தரவு வந்தது. பசியாவரம் தீவில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட நிதி வேண்டும், அதற்கு ஆசிரியர்கள் எல்லாரும் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை நடக்க வேண்டும். விமல் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் வாங்கினார். மஞ்சள். அதில் வெள்ளை எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது, மூக்கை ஒட்டி வைத்துப் படித்தாலும் தெரியாது. தாங்களே சொல்லுங்கள், ஆடி மாதத்தில் மஞ்சள் உடுத்திக் கூட்டமாக ரோட்டில் நடந்தால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குப் புது ஷூ கடித்ததால் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். ஆக, மஞ்சள் உடை, வெறுங்கால், தாடி. பக்கத்தில் பேக்கரி ஆசிரியர் ராபர்ட், மூடியில் ஓட்டை போட்ட எவர்சில்வர் தூக்கோடு நிதி திரட்டிக்கொண்டு வந்தார். முதல் ஊரிலேயே பெண்கள் ஓடிவந்து எங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். "பெரியபாளையத்தம்மன் கோயில் அந்தாண்ட தானே, இவங்க இன்னா ஏரிப் பக்கம் போறாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "கடல்ல முழுகிட்டுத் திரும்புவாங்க, வேண்டுதல் அப்டி" என்று இன்னொருவரே பதிலும் சொன்னார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. வாயில் அவர்கள் ஊற்றிய ஆடிக் கூழ் இருந்தது. தூக்கில் காசு போட்டவர்கள் பிரசாதம் கேட்டபோது, ராபர்ட் காப்பிக்கு வைக்கும் சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து ஆளுக்கு ஒன்று பயபக்தியோடு கொடுத்தார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

வினை ஏரிக்கரையில் காத்திருந்தது. ராஜாத்தி என்று ஒருத்தி, தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவள், காலிப் பறிக்கூடையோடு வந்து நேராக என் முன்னால் நின்றாள். "சாமி, கையில ஒண்ணுமே மாட்ட மாட்டுது. ஏரி இன்னா கோவத்துல கீதோ தெரில. நீ ஒரு வாக்கு சொல்லு சாமி" என்றாள். நான் சாமி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்ற வார்த்தை வரவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். "கையில் ஒன்றுமே மாட்டவில்லை" என்றேன். அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. புருஷன்கூட இதுவரை அதைக் காதில் வாங்கவில்லையாம். "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, இது உடனே கவனிக்கப்படும்" என்றேன். மறுநாள் அவளுக்குப் பறி நிறைய இறால். காற்று மாறியிருக்கும், தண்ணீர் ஏறியிருக்கும், யார் கேட்கிறார்கள்? அவள் ஊரே மாலையும் மஞ்சள் தண்ணீருமாகப் பயிற்சி நிலையத்துக்கு வந்துவிட்டது. தாங்கள் பார்த்த வீடியோ அதுதான். எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர் விமல். நிலையத்துக்கு விளம்பரமாம்.

ஹேமாவதி, "நைனா, நீ சாமியாராப் போறதுன்னா போ, என் கல்யாணத்த முடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ஒரே மகள். பரத் தம்பியை அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தாடியை எடுத்துவிட்டேன். மஞ்சள் பனியனை மாலதி கரித்துணி ஆக்கிவிட்டாள். என்னிடம் எந்தச் சக்தியும் கிடையாது, இருந்தால் இப்படிக் கடிதம் எழுதிக் கெஞ்சிக்கொண்டிருப்பேனா? ஆவணி முதல் முகூர்த்தத்தில் பேசியபடியே நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொள்ளும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. ஆசி என்றால் வயதில் மூத்தவன் சொல்லும் சாதாரண ஆசிதான், தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
சிவசங்கர்

பி.கு.: இதை உறையில் போடும்போது தங்கள் வீட்டம்மா போன் செய்தார்கள். முந்தாநாள் முட்டிவலி என்று பேசினார்கள், நானும் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். இன்று மாடிப்படி ஏறி இறங்கிவிட்டார்களாம். நேரில் வந்து காலில் விழ வேண்டும், வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை இங்கே கூட்டம் தாங்காது, அதனால் வியாழனே வரச் சொல்லிவிட்டேன்.