தும்மிய பிராணிகளும் தங்கள் மூக்கும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நலத்தைக் கெடுத்துவிட்டுப் போனவர் தாங்கள் என்பதால் எழுதுகிறேன். உறையில் பஞ்சு சுற்றிய குச்சி ஒன்று இருக்கும். அதை மூக்குக்குள் விட்டுச் சுழற்றி, கூடவே இருக்கும் குழாயில் போட்டு மூடி, உடனே அனுப்பவும்.

எங்கள் கல்யாணத்தில் என்னை ‘எலி டாக்டர்’ என்று அறிமுகப்படுத்தினீர்கள். நான் எலியைத் தொடுவதே இல்லை. ஃபெர்ரெட் என்று, கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு பிராணி. நமக்கு வரும் சளிக்காய்ச்சல் அதற்கும் வரும், நம்மைப் போலவே தும்மும். அதனால்தான் மூக்கில் விடும் எங்கள் தடுப்பு மருந்தை முதலில் அதற்குக் கொடுத்துப் பார்க்கிறோம். மருந்தில் இருப்பது பலவீனமாக்கிய வைரஸ். அது நோயைத் தரவும் கூடாது, அடுத்த கூண்டுக்குத் தாவவும் கூடாது. ஒழுங்காகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் ஏன் இன்னும் முன்னுக்கு வரவில்லை என்று விளக்கியபடியே என் முகத்துக்கு நேராகத் தும்மினீர்கள். புதன்கிழமை போய்ப் பார்த்தால், மருந்து கொடுத்த கூண்டும் தும்முது, கொடுக்காத கூண்டும் தும்முது. எங்கள் தலைமை விஞ்ஞானி, என்னைவிட இளையவர், அந்தக் கதை இப்போது வேண்டாம், “மருந்து பரவுது சார். மூட்டை கட்டிடலாம்” என்கிறார். எத்தனை வருஷ உழைப்பு மச்சான். அது மருந்து இல்லைங்க, எங்க மச்சானோட சளின்னு சொன்னேன். நிரூபிங்கன்னுட்டார். உங்க தங்கச்சிகிட்ட சொன்னா, அண்ணன் மூக்கைப் பத்திப் பேசாதீங்கன்னு எழுந்து போயிட்டா. நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது அந்தப் பிராணிகள் மட்டும்தான். தினமும் காலையில் தங்களைப் பற்றித்தான் பேசுவோம்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்களுக்கு, குச்சி வந்து சேர்ந்ததும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. பிராணிகளுக்கு வந்தது வெளிச் சளிதான். மருந்து தப்பித்தது. ஆனால் அறைக்குள் போகிற எல்லோரையும் சோதித்ததில், அதே சளி வைரஸ் என் மூக்கில் மட்டும் இருக்கிறதாம். தாங்கள் வருவதற்கு முன்பே நான் தும்மிக்கொண்டிருந்தேன் என்கிறாள் தங்கள் தங்கை. தாங்கள் தும்மியது என் நாற்காலித் தூசிக்காம், தங்களுக்குச் சளி இப்போதுதான் பிடித்திருக்கிறதாம். முகக்கவசம் போட்டிருந்தும் கூண்டுக்கு எப்படிப் போனது என்று தலைமை விஞ்ஞானி கேட்டார். அதை இறக்கினால்தான் நான் பேசுவது அவற்றுக்குக் கேட்கும் என்றேன். அப்படி என்ன பேச்சு என்றார். குடும்ப விஷயம் என்று மட்டும் சொன்னேன்.

குச்சியை எடுத்துவிட்டேன். வெந்நீர் குடித்து ஓய்வெடுக்கவும். சளி எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டாம்.