அல்வா மணத்த கசிவு

மனித குல வரலாற்றைத் தீக்கு முன், தீக்குப் பின் என்று பிரித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் கரும்புச் சக்கைக்கு முன், பின் என்று கௌரவமாகப் பிரித்திருக்கலாம். வடசென்னை காத்திவாக்கத்தில் ‘பசுந்துளிர் கெமிக்கல்ஸ்’ திறந்ததைத்தான் சொல்கிறோம்.

சக்கையிலிருந்து சர்க்கரையைப் பிரித்து, அதை ‘பசுமை வினையூக்கி’யால் பிளாஸ்டிக்குக்கும் பெயின்டுக்கும் வேண்டிய மூலப்பொருளாக மாற்றுவது அங்கே நடக்கும் அற்புதம். வினையூக்கி என்றால், எல்லாரையும் முடுக்கிவிட்டுத் தான் மட்டும் கசங்காமல் வெளியே வருவது. திறப்பு விழாவில் மேனேஜர் அய்யாத்துரை இப்படி விளக்கியதும், முன்வரிசைப் பிரமுகர்கள் தங்களைப் பாராட்டுகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆலைச் சுவரை ஒட்டியது கருவாடு விற்கும் சிலுவையம்மாளின் வீடு. தெருவுக்கே அவள் மூக்குதான் சட்டம். அழுகின முட்டை நாற்றமா, ஜன்னலைச் சாத்து. கண் எரிகிறதா, ஈரத்துணி கட்டு. தொண்டையைப் பிடிக்கிறதா, ஓடு. அவள் புருஷன் லியோனார்டுக்கு இளைப்பு; அந்த மூக்கை நம்பித்தான் அவர் மூச்சு ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசை முடிந்து வரும்போது தெருவே மணந்தது. நெய்யில் சர்க்கரை முறுகுகிற மணம்.

“யக்கா, இன்னா வாசன இது? எங்கனா தர்கால கந்தூரியா?” என்றாள் எதிர்வீட்டு சாபிரா.

“கம்பெனில அல்வா கிண்டிகினு கீறான்டி. சக்கரைலதான அவன் பொழப்பே? தூக்குச் சட்டிய எடு, போலாம்.”

நாற்றம் கண்டால் ஓடப் பழகிய தெரு, வாசனை கண்டும் ஓடியது. திசை மட்டும் வேறு.

கிளம்பும்போது சிலுவையம்மாள் வீட்டுக்குள் குரல் கொடுத்தாள். “யோவ், ஜன்னல தொறந்து வெச்சிகினு குந்து. நல்லா இஸ்து வுடு. இந்த ஊர்ல நல்ல காத்து என்னிக்கோ ஒரு நாள்தான்.”

பெண்டாட்டி சொல் தட்டாத லியோனார்டு நன்றாக இழுத்தார்.

கேட்டில் வாட்ச்மேன் தாமஸ் முகமூடிக்குள்ளிருந்து கத்தினார். “குழா வுட்டுகிச்சிம்மா! போங்க, போங்க!”

“அத்தினியும் உன் வூட்டுக்கே எத்துகினு போலாம்னு பாக்குறியா?” என்று கேட்டில் நின்ற வரிசை தூக்குகளை உயர்த்தியது. ஆலை மாடியிலிருந்து யாரோ படம் எடுத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் இருமினார்கள். சிலுவையம்மாள் தூக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியபோது லியோனார்டு ஜன்னலடியில் சரிந்து கிடந்தார்.

மறுநாள் அவள் அய்யாத்துரையின் ஏ.சி. அறையில் நின்றாள்.

“அவுரு மூஞ்சில ஆக்சிஜன் மாட்டி வெச்சிகீறாங்கோ. இன்னா காத்து உள்ள போச்சுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம்ன்றாரு டாக்டரு. அது பேரச் சொல்லு சார்.”

“கசிவே இல்லாதபோது பேர் எப்படிம்மா இருக்கும்?” அய்யாத்துரை படத்தைக் காட்டினார். “கசிவுன்னா ஜனங்க ஓடணும். நீங்க தூக்கோட வந்தீங்க, சிரிச்சீங்க. ‘பொதுமக்கள் வரவேற்பு’ன்னு மேலிடத்துக்கு எழுதியாச்சு.”

“தாமஸு குழா வுட்டுகிச்சுன்னாரே?”

“அவரை நீக்கியாச்சு.” அவர் கனிவோடு குனிந்தார். “உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே சர்க்கரை இருக்கா?”

“சக்கர உன் குழாய்லதான் சார் கீது. அவுருக்கு மூச்சுதான் இல்ல.”

இதையும் ‘பயனாளி கருத்து’ என்று குறித்துக்கொண்டார்கள்.

படம் நாலா பக்கமும் பரவியது. கசிவை மக்கள் பாத்திரத்தோடு வரவேற்கும் ரகசியத்தை அறிய, அக்கம்பக்கத்து ஆலை அதிபர்கள் பசுந்துளிரில் பயபக்தியோடு கூடினார்கள். சக்கையைப் பற்றியோ வினையூக்கியைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. கந்தக நாற்றத்துக்கு ஏலக்காய் எசென்ஸ் எடுக்குமா, பாதாம் எடுக்குமா என்பதில்தான் விவாதம் சூடுபிடித்தது. ஓட்டைக் குழாய்களை மாற்றலாமே என்று இடையில் ஒருவர் சொல்லிவிட்டார். எசென்ஸ் மலிவு என்று அவருக்குப் புரியவைத்தார்கள்.

வடசென்னையில் இனி ஒருவர்கூட நாற்றத்தால் சாகமாட்டார் என்று அய்யாத்துரை உறுதியளித்திருக்கிறார்.