முருகனுக்குப் பின்னால் ஒரு யூனிபோர்ம்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை, பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய சயந்தன் அண்ணாவுக்கு,

தங்கை ஆரணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவின் பிரஷர் எண்பத்தாறு வயதுக்கு உரிய அடக்கத்துடன் நடந்துகொள்கிறது. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், நீங்கள் தலைவராக இருக்கும் கோயிற் சபை இந்த வருடமாவது இரண்டாக உடையாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். குடும்பக் குழுவில் எதைப் போட்டாலும் சித்தி பத்து நிமிடத்தில் லண்டனுக்கும் மெல்பேர்ணுக்கும் அனுப்பிவிடுவா. இது நாலு பேர் வாசிக்கக்கூடிய விஷயம் இல்லை.

இன்று காலை எழும்பி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கவும் முன்னம், முதல் வேலையாக ஹோலில் தொங்கும் பிரேமைத் திருப்பி முருகனை வெளியே கொண்டுவந்தேன். அந்தப் பிரேமை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் நல்லூர் முருகன். மறுபக்கம் அறுபதாம் ஆண்டில் விமானப்படை யூனிபோர்மோடு, ஒரு சின்னப் பயிற்சி விமானத்தின் இறக்கையில் கைவைத்தபடி நிற்கும் நம் அப்பா, விமானங்களைக் கழற்றிப் பூட்டும் பிட்டர் வேலை பார்த்த சிவபாதசுந்தரம். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வந்தால் முருகன். பொலிஸோ ஆமியோ வீடு சோதிக்க வந்தால் அப்பா. ஒருமுறை பெரியம்மா சோபாவில் இருக்கும்போதே பொலிஸ்காரர் வாசலுக்கு வந்துவிட, அம்மா பிரேமைக் கழற்றிக் கையில் பிடித்து, அவர்களுக்கு அப்பாவையும் பெரியம்மாவுக்கு முருகனையும் காட்டிக்கொண்டு நடு ஹோலில் நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா போன பிறகு திருப்ப ஆளில்லாமல் அப்பாவே வெளியே இருந்தார்.

திருப்பியதற்குக் காரணம் நீங்கள்தான். விமானப்படையின் ஆரம்ப காலத்தில் வேலை செய்தவர்களிடமும் அவர்களின் குடும்பங்களிடமும் நினைவுகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறார்கள், தெமட்டகொடையில் இருந்து றொசானா என்றொரு பெண் அப்பாவைப் பார்க்க வருகிறா என்று நான் சொன்னதும் போனில் என்ன சொன்னீர்கள்? "எங்கட வீட்டில ஆரும் எயார்போர்சில இருந்ததில்லை. அப்பாவுக்கு ஒண்டும் ஞாபகமில்லை எண்டு சொல்லி அனுப்பு." உங்கள் சொல்லை நான் எப்போது தட்டியிருக்கிறேன்? முருகனைத் திருப்பினேன். அப்பாவுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "என்ன கேட்டாலும் நினைவில்லை எண்டு சொல்லுங்கோ அப்பா." "ஓம் பிள்ளை" என்றார், நல்ல பிள்ளையாக.

பத்து மணிக்கு றொசானா வந்தா. ஐம்பது வயதிருக்கும். கையில் இனிப்புக்கு ஒரு பெட்டி வட்டிலாப்பம், ஒரு படிவம். "அங்கிள், நீங்க எந்த வருஷம் சேர்ந்தது?" "நினைவில்லை." "உங்கட சேர்விஸ் நம்பர்?" "நினைவில்லை." எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நான் தேத்தண்ணி கொண்டுவந்து, சீனி போடவா என்று கேட்டதற்கும் "நினைவில்லை" என்றார். மூத்த மகன் எங்கே என்று றொசானா மரியாதைக்குக் கேட்க, அதற்கும் அதே பதில். (அண்ணா, இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.) நான் முகத்தை முருகன் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்த மனுஷி படிவத்தை மூடிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கைப்பையில் இருந்து ஒரு படத்தை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தா. "இது என்ட வாப்பா, அங்கிள். பதியுதீன். உங்களோட ஒரே செக்ஷன்ல வேல செஞ்சவர்." பிறகு எனக்கும் விளங்கும்படி சொன்னா. விமானத்தில் வேலை முடிந்ததும் ஸ்பானர், குறடு வைக்கும் ஆயுதப் பெட்டியை எண்ணிப் பார்ப்பார்களாம். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் அது உள்ளே விழுந்து எதிலாவது சிக்கியிருக்கலாம் என்று விமானத்தைப் பறக்க விடமாட்டார்களாம். அறுபத்திரண்டில் பதினேழாம் நம்பர் ஸ்பானர் ஒன்று துலைந்து, மூன்று நாள் ஒரு முழு விமானத்தையும் கழற்றிப் பார்த்தும் கிடைக்கவில்லையாம். பெட்டிக்குப் பொறுப்பாக இருந்த பதியுதீனின் பதவிக்குரிய தோள்பட்டி பறிபோனது. "சாகும்மட்டும் அதே யோசினை. வீட்டில ஒரு கரண்டி காணாமப் போனாலும் வாப்பாதான் முதல்ல செல்லுவார், நான் எடுக்கல்ல எண்டு. நாங்க சிரிப்போம் அங்கிள்." அதைச் சொல்லும்போது அவ சிரிக்கவில்லை.

அப்பா அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, முருகனைக் கழட்டு" என்றார். "அப்பா, நினைவில்லை" என்று நான் ஞாபகமூட்டினேன். "கழட்டெண்டு சொல்லுறன்." கதிரையில் ஏறினேன். எனக்கு எப்போதுமே இந்தப் பிரேம் பாரம் என்று ஒரு எண்ணம். முருகன் என்றால் பாரமாகத்தான் இருப்பார் என்று விட்டுவிட்டேன். கைதவறியது. பின்னட்டை பிளந்து, முருகன் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் விழ, நடுவில் இருந்து என் விரலளவு தட்டையான இரும்பொன்று டைல்ஸில் விழுந்து கிணுங்கென்று சுற்றி நின்றது. அண்ணா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூவைத்துக் கும்பிட்டோமே, அதில் பாதி இந்த ஸ்பானருக்குத்தான் போயிருக்கிறது.

றொசானா குனிந்து எடுத்தா. கண்ணாடியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தா. "பதினேழு" என்றா.

"என்ர ஓவரோல் பொக்கற்றுக்குள்ள கிடந்தது. உடுப்புத் தோய்க்கேக்கதான் கண்டனான்" என்றார் அப்பா. "அடுத்த நாள் குடுக்கவெண்டு கொண்டுபோனனான். அதுக்குள்ள பதியை ஓபிசருக்கு முன்னால நிப்பாட்டிப் போட்டாங்கள். எனக்குப் புரமோஷன் சோதினை அந்தக் கிழமை. நான் வெளியில நிண்டனான். உள்ள போகேல்ல."

"கடல்ல எறிஞ்சிருக்கலாமே அங்கிள், ஏன் வெச்சிருந்தீங்க?"

"எறிஞ்சா அது உண்மையாத் துலைஞ்சுபோயிடுமே, பிள்ளை."

எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டை விட்டு ஓடும்போது அம்மாவின் கூறைச்சேலையை விட்டுவிட்டு இந்தப் பிரேமை ஏன் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது. பக்தி என்று நினைத்திருந்தோம்.

றொசானா ஸ்பானரை மேசையில் வைத்தா. "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? புத்தகத்தில வந்தா எங்கட வீட்டுக்குப் போதும்" என்று கேட்டா. அப்பா என்னைப் பார்த்தார். "அண்ணாவைக் கேள்" என்றார். நான் உங்கள் சொல்லைக் காப்பாற்றினேன். அண்ணாவுக்கு விருப்பமில்லை, மன்னிக்கவேணும் என்றேன். "நாளைக்குக் கடைசி நாள். மனம் மாறினா அனுப்புங்க" என்று படிவத்தையும் ஒரு கவரையும் வைத்துவிட்டு, வட்டிலாப்பத்தைத் திருப்பி எடுக்காமல் போனா.

உங்கள் மறுப்பின் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில், குண்டுவீச்சுக்குப் பயந்து பெரியம்மா வீட்டுப் பங்கருக்குள் இருந்து, பதினாறு வயதில், நீங்கள் மேலே பார்த்ததும் பிளேன். அப்பா தகரக் கொட்டகையில் மல்லாந்து படுத்துப் பிரேக் பூட்டியதும் பிளேன். அது வேறு, இது வேறு என்று அப்பா சொல்வார். பிளேன் என்றால் பிளேன் என்பீர்கள் நீங்கள். உங்கள் சபையில் போரில் செத்தவர்களின் நினைவுநாளுக்கு விளக்கேற்றுகிறவர் நீங்கள்; உங்கள் தகப்பனின் பெயர் அந்தப் புத்தகத்தில் இருந்தால் ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்பதும் விளங்குகிறது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் கனடாவுக்குப் போகும் முன் ஒருநாள் உங்களைச் சந்தேகத்தில் சந்தியில் பிடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது, அப்பா இந்தப் பிரேமைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொலிஸுக்கு ஓடினார். உங்களை விட்டார்கள். அன்றைக்கு எந்தப் பக்கத்தைக் காட்டினார் என்று நீங்கள் கேட்கவில்லை. பதியுதீனின் ஸ்பானரும் அந்தக் கக்கத்துக்குள் இருந்திருக்கிறது.

போகட்டும். நடந்தது நடந்துவிட்டது. உங்கள் விருப்பப்படி எங்கள் வீட்டில் எவரும் விமானப்படையில் இருந்ததில்லை. முருகனை ஒட்டி மாட்டிவிட்டேன். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள், சபைக்கு ஒற்றுமை.

கீழ்ப்படிவுள்ள தங்கை,
ஆரணி

பி.கு.: கடிதத்தை முடித்து உறையைத் தேடியபோது றொசானா விட்டுப்போன படிவம் கண்ணில் பட்டது. எல்லாக் கேள்விகளும் வெறுமையாகக் கிடக்கின்றன. அடியில் மட்டும் அப்பாவின் கையெழுத்து. பக்கத்தில், நடுக்கமில்லாத ஆறு இலக்கங்களில், நினைவில்லாத அந்தச் சேர்விஸ் நம்பர். நான் மத்தியானம் குளிக்கும்போது போட்டிருக்க வேண்டும். கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார், நித்திரை இல்லை. படிவத்தின் கடைசி வரி இது: "குடும்பத்தினரின் நினைவுகளைத் தனித்தாள்களில் எழுதி இணைக்கவும்." என் முன்னால் நான் எழுதி முடித்த ஆறு தனித்தாள்கள் இருக்கின்றன. ஆகவே அண்ணா, இந்தக் கடிதம் ரொறன்ரோவுக்கு வரவில்லை. காலையில் பஸ் எடுத்துத் தெமட்டகொடைக்குக் கொண்டுபோகிறேன், ஸ்பானரோடு. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை என்பதை, புத்தகம் கைக்கு வந்து இந்த வரியை வாசிக்கும்போது அறிந்துகொள்வீர்கள்.