தேநீர் மறுத்தால் கதை முடியும்

ஷிராஸ், செவ்வாய்

பெருமதிப்பிற்குரிய பஹ்மன் அண்ணாவுக்கு,

உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாமல் விழட்டும். அண்ணியின் முழங்கால் தேவலையா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் பொய்.

வியாழக்கிழமை என் மகள் நஸ்தரனைப் பெண் பார்க்க வருவதாக இருந்த உங்கள் நண்பர் வீட்டார் இனி வருவார்களா என்று தெரியவில்லை. காரணம் நான் எழுதிய ஒரு கதை. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இணையத்தில் கதை சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். வாசகர் ஒரு சொல்லைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும், வேறு சொல்லைத் தொட்டால் வேறு பக்கம். முடிவைத் தீர்மானிக்க முடியாதவர்கள் அதை வாசகர் தலையில் கட்டும் வேலை என்றே எனக்குப் பட்டது. ஆனாலும், சின்னதாகத் தொடங்குங்கள், ஒரு அறை, இரண்டு வழி போதும் என்று பயிற்றுநர் சொன்னதால், விருந்தாளி வருகிறார், வீட்டுக்காரி தேநீர் நீட்டுகிறாள் என்று தொடங்கினேன். ‘கொடுங்கள்’ என்பதைத் தொட்டால் நாரத்தைத் தோட்டம், பழைய காதல், ஒரு கொலை எல்லாம் உண்டு. ‘வேண்டாம், சிரமம் எதற்கு’ என்பதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எனக்கே தோன்றாததால், ‘சரி, போய் வாருங்கள். முற்றும்’ என்று போட்டுவிட்டேன்.

கேட்டவுடனே ‘கொடுங்கள்’ என்று சொல்லும் மனிதர் நம் ஊரில் பிறந்திருக்கிறாரா? நஸ்தரன் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பினாள். எல்லோரும் ‘வேண்டாம்’ என்றார்கள். கொலையை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. பையனின் அம்மா அஃப்சர் கானூமும் மரியாதையாக மறுத்துவிட்டு, மறுபடி உபசரிப்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார். திரை அவரைப் போய் வரச் சொல்லிவிட்டது.

“வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே வாசலைக் காட்டிட்டாங்க,” என்று என் நாத்தனாரிடம் குமுறினாராம். “இன்னொரு தடவை கேட்டா என்ன குறைஞ்சுபோகும்? வெறும் டீ தானே?”

நஸ்தரனுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவள் நேற்று மட்டும், “உன் கதைல ஒரு கொலை வருதாமே, அது என் கல்யாணந்தானாம்மா?” என்று கேட்டாள். அப்போதே உட்கார்ந்து கதையைத் திருத்திவிட்டேன், இப்போது மறுத்தால் அது மறுபடி மறுபடி கெஞ்சுகிறது. ஆனால் அஃப்சர் கானூம் அதைத் திறந்தால்தானே? நீங்கள்தான் அவரிடம் பேச வேண்டும். தங்கை படித்தவள், மற்றபடி கெட்டவள் இல்லை என்று சொல்லுங்கள்.

இந்த உதவிக்கு நன்றி, உங்கள் கை வலிக்காதிருக்கட்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

தங்கை,
மாஹ்லகா

பின்குறிப்பு: அண்ணா, பேச வேண்டாம். இப்போதுதான் அஃப்சர் கானூம் அழைத்தார். திருத்திய கதையைப் பையன் காட்டினானாம். கோபம் போய்விட்டது, வியாழன் வருகிறார்கள். போனை வைக்கும்முன், “பூவும் இனிப்பும் வாங்கணும், பொண்ணுக்கு என்ன பிடிக்கும்?” என்றார். “அதெல்லாம் எதுக்குக் கானூம், சிரமம்,” என்றேன், எல்லோரும் சொல்வதுபோல. “சரி,” என்று மறுபடி கேட்காமலே வைத்துவிட்டார். வெறுங்கையோடு பெண் கேட்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார் என் கணவர். ஆகவே பேசுங்கள். ஆனால் கொண்டு வரும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டு வாங்கினோம் என்றாகிவிடும்.